ஒண்ணுக்கு, ரெண்டுக்கு

ராத்திரி முழுக்க ஜங்ஷன் கவுண்டரில் உட்கார்ந்து
திருச்செந்தூருக்கு ஒண்ணு, தென்காசிக்கு ரெண்டு என்று
கொடுத்துவிட்டு வருகிறேன்.
பெருமாள்புரம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.
கதவைத் திறந்தால் இங்கேயும் அதே கணக்கு:
சோபாவுக்கு அடியில் ஒண்ணு,
அரிசி டிரம்முக்குப் பின்னால் ரெண்டு.

சங்கரன்கோவில் பக்கத்துச் சிப்பிப்பாறைக் குட்டி.
முயல் விரட்டப் பிறந்த கால்கள்,
ஹாலில் நாலு எட்டு வைத்தால் சுவர்.
பேர் சில்லறை.
என் பிழைப்பில் எப்போதும் தட்டுப்பாடான ஒன்றின் பேர்.

முதலில் செய்தித்தாள் விரித்தேன்.
இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டது,
கொஞ்சம் அதிகமாகவே.
தரையில் கிடந்த தாளெல்லாம் அதற்குக் கக்கூஸ்:
கரண்ட் பில், யூனியன் சந்தா ரசீது,
பெண் பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன ஜாதகம்.
கடைசியதற்கு நான் திட்டவில்லை.

வண்ணார்பேட்டையில் பஞ்சு விரிப்பு வாங்கினேன்,
பாக்கெட் அறுநூற்றைம்பது.
இலவங்காய் வெடித்த மாதிரி வீடு வெளுத்தது.

அப்புறம் பிளாஸ்டிக் புல்.
மாப்பிள்ளை நடந்து வர மண்டபத்தில் போடுவார்களே, அந்தப் பச்சை.
மோந்தது. என்னை ஏறிட்டுப் பார்த்தது,
இதுவும் ஒரு புல்லு, நீயும் ஒரு ஆளு என்பதுபோல.
அதன்மேல் படுத்துத் தூங்கிவிட்டது.

பின்மனையில் வீடு கட்டுகிற கொத்தனார் மாசானத்திடம்
பழைய சாந்துச் சட்டி ஒன்று கேட்டேன்.
"எதுக்கும்மா?"
"நாய் வெளிக்கிருக்க."
அவர் சிரிக்கவில்லை. யோசித்தார்.
"ஆத்து மணலு பவுன் வெலை. எம்சாண்டு காலக் கீறும்.
தேங்கா நாருத் தூளு போடு,
நாத்தத்தையும் சேத்துக் குடிச்சுக்கிடும்."

பால்கனி மூலையில் சட்டி.
நனைந்த தாளில் ஒரு துண்டு கிழித்து அதன்மேல்,
விலாசம் எழுதி ஒட்டினது போல.
தூங்கி எழுந்ததும், தின்று கால்மணியிலும்,
ஆட்டம் முடிந்து வாலடங்கும்போதும்
தூக்கிக்கொண்டு போய் விட்டேன்.
பதினோராம் நாள்
அதுவாகப் போனது.
மூன்று சுற்றுச் சுற்றி, முதுகை வளைத்து,
தூரத்தில் எதையோ நினைத்துக்கொண்டது.
நமக்கும் அந்நேரம் அந்த முகம்தான் இருக்கும்,
பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

கீழ்வீட்டு ஓனர் குத்தாலிங்கம் மட்டும்
வாடகை எண்ணும்போது மூக்கைச் சுளிப்பார்.
"வீட்டுக்குள்ளயே போக வைக்கியளே, அருவருப்பா இல்ல?"
அவர் வீட்டில் அட்டாச்டு மூன்று.

மார்கழியில் மழை பிடித்தது, விடவில்லை.
இரண்டாம் நாள் வாய்க்கால் தெருவுக்கு வந்தது,
மூன்றாம் நாள் கேட்டுக்குள்.
செப்டிக் டேங்க் நிரம்பி
கீழே மூன்று பீங்கானும் களகளவென்று பேச ஆரம்பித்தன.
மாடியில் நாங்கள் ஒரு வாளி ஊற்றினால்
அவர் ஹாலில் வந்து எட்டிப் பார்க்கும்.
குத்தாலிங்கம், அவர் சம்சாரம், காலேஜ் படிக்கும் மகள்,
இரண்டாம் மாடி டெய்லர் குடும்பம்,
மொத்தம் ஒன்பது பேர் என் வீட்டில்.
யாரும் தண்ணீர் கேட்கவில்லை.
கருப்பட்டிக் காப்பி போட்டேன்,
ஆறிப் பாடை கட்டியது.
டெய்லர் ஓயாமல் காலை மாற்றி மாற்றிப் போட்டார்.

சில்லறை எழுந்து சோம்பல் முறித்தது.
இத்தனை முழங்கால்களுக்கும் நடுவே வழி கண்டு
பால்கனிக்குப் போனது.
மூன்று சுற்று.
பின்னங்காலால் தூளைத் தள்ளிவிட்டு
திரும்பி வந்து
குத்தாலிங்கத்தின் பாதத்தில் தாடையை வைத்துக்கொண்டது.
ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நடுச்சாமம் தாண்டி, கரண்ட் இல்லாத இருட்டில்,
அவர் என் பக்கம் நகர்ந்து வந்தார்.
"அந்தச் சட்டி மாதிரி..." தொண்டையைச் செருமினார்.
"இன்னொண்ணு கிடக்கா?"
"ஒண்ணுக்கா, ரெண்டுக்கா?"
கேட்டுவிட்டேன்,
கவுண்டர்ப் பழக்கம்.